இல்லத்தில் தாமே இயங்குங் கருவிகள்

மேல்மாடித் தொட்டி நிறைந்து வழிய, அடுத்த வீட்டார் கூவி அறிவிக்க, வீட்டிலுள்ளோர் ஓடிச்சென்று மோட்டாரை நிறுத்துதல் நம் ஊர்களில் நாடோறும் காணப்படும் காட்சியாகும். இக்காட்சியை ஒழிக்கும்பொருட்டு என் பெற்றோர் இல்லத்தில் யான் செய்த ஒரு சிறு முயற்சியும், அதன்கண் நேர்ந்த பிழையும், அப்பிழையினின்று கற்றுக்கொண்டதுமே இக்கட்டுரையின் பொருள். 'ஸ்மார்ட் ஸ்விட்ச்' என்றும், உணரி அல்லது சென்சார் என்றும் பெயர்பெற்று இக்காலத்துக் கடைகளில் விற்கப்படும் பொருள்களை வாங்கி, மாணவர் பலர் தம் வீடுகளில் இத்தகைய அமைப்புக்களைத் தாமே செய்துகொள்ளத் தலைப்பட்டிருக்கின்றனர். விடுதி அறைகளிலும் இவை புகுந்துவிட்டன என்பதை விடுதிக் காப்பாளர் அறிந்தும் அறியாதவர்போல் இருக்கின்றார். அங்ஙனம் முயல்வோர்க்கு, யான் பட்டறிந்தது பட்டறியாமலே கிட்டுமாயின் நன்றன்றோ?

இக்கருத்து ஒன்றும் புதிதன்று. நீர் மட்டத்தோடு உயர்ந்து தாழும் மிதவையைக் கொண்டு நீர்வரவைத் தானே அடக்கும் உபாயம், கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த க்டெஸிபியஸ் என்பவர் செய்த நீர்க்கடிகாரத்திலேயே இருந்ததென்பர். மின்சாரத்தின் உதவியால் இதனை வளர்த்தவருள் ஒருவர் நம்மைப்போல் ஓர் ஆசிரியர் என்பதைக் கூறுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து ஒயிட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் வாரன் ஜான்ஸன் என்பவர் பணியாற்றிவந்தார். குளிர்காலத்தில் பாடசாலை ஏவலாளர் ஒவ்வொரு வகுப்பிலும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுப்போய், நிலவறையிலுள்ள உலையைச் சரிசெய்வது வழக்கம். பாடம் நடக்கும்போது இங்ஙனம் கதவைத் திறந்துகொண்டு வருவது ஜான்ஸனுக்குப் பொறுக்கவில்லை. அறையின் வெப்பநிலையை நிலவறையிலுள்ளார்க்கு மணியடித்து அறிவிக்கும் மின்கருவியொன்றை அவர் இயற்றி, 1883-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைச் சாஸனம் பெற்றார். பின்னர் அவர் நிறுவிய தொழிற்சாலை பெரிதும் வளர்ந்தது.

1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தார் சிலர் 'எக்ஸ்-10' என்னும் முறையைக் கண்டனர். வீட்டின் மின்கம்பிகளையே செய்தி செல்லும் வழியாகக்கொண்டு, ஓர் அறையிலிருந்து பிறிதோர் அறையின் விளக்கை ஏற்றவும் அவிக்கவும் அதனால் இயன்றது. ஆனால், அதன் முதல் அமைப்பில் ஒரு குறை இருந்தது. கட்டளை ஒருவழியாகவே சென்றது; விளக்கு எரிந்ததா இல்லையா என்று மறுமொழி கூறுவார் ஒருவருமில்லை. இக்குறையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யானும் அதே குறையை என் வீட்டில் புதிதாக உண்டாக்கினேன்.

ஷாங்காய் நகரத்து எஸ்பிரெஸிஃப் கம்பெனியார் செய்த ஈ. எஸ். பி. 8266 என்னும் சில்லு 2014-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. ஒரு சிறு கணிப்பொறியும் வை-ஃபை வானொலியும் விரல்நக அளவில் ஒருங்கே அமைந்தது அது. அதுவரை பொறியியலார்க்கே உரியதாயிருந்த இக்கலை, சில நூறு ரூபாயும் சில மாலைப்பொழுதுகளும் உடைய எவர்க்கும் உரியதாயிற்று. கடையில் விற்கும் ஸ்மார்ட் ஸ்விட்சுகளைப் பிரித்துப் பார்த்தால், இச்சில்லோ இதன் தம்பியோ உள்ளேயிருப்பதைப் பலவற்றிற் காணலாம். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும்படி வீட்டு வை-ஃபையை அமைத்துவிட்டு, கருவி பழுதென்று கடைக்காரரோடு வழக்காடியவர்களை யான் அறிவேன்.

இத்தகைய அமைப்பு எதுவாயினும் அதில் மூன்று உறுப்புக்கள் உண்டு. உலகின் நிலையை அறிவது உணரி. அறிந்ததைக்கொண்டு முடிவு செய்வது மேற்கூறிய சில்லாகிய மூளை. முடிவைச் செய்துமுடிக்கும் கை ரிலே எனப்படுவது. ரிலேயாவது, மின்காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு ஸ்விட்ச். சில்லிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் காந்தத்தை எழுப்ப, காந்தம் தகட்டை இழுக்க, தகடு 230 வோல்ட் மின்சாரத்தைச் சேர்க்கும். இனி என் கதைக்கு வருவேன்.

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழ் ஒரு சம்ப்பும், மாடிமேல் 1,000 லிட்டர் தொட்டியும், இடையே ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் உண்டு. நகராட்சிக் குடிநீர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும். தந்தையார் காலஞ்சென்றபின் அன்னையார் அவ்வீட்டில் தனியே இருக்கின்றார். முழங்கால் நோயுடையவராதலின், மாடியேறித் தொட்டியைப் பார்ப்பது அவர்க்கு ஆகாது. யானோ பணியின் நிமித்தம் வேற்றூரில் இருப்பவன்.

முதற்கண் நீர்மட்டத்தை அறியவேண்டும். செவிக்குப் புலப்படாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நீரின்மேல் செலுத்தி, எதிரொலி மீளுங் காலத்தை அளக்கும் உணரியொன்றைத் தொட்டியின் மூடியில் பொருத்தினேன். கணக்கு எளிது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்லும். நீர் ஒரு மீட்டர் ஆழத்திலிருப்பின், போகவர இரண்டு மீட்டர். ஆகவே எதிரொலி ஏறக்குறைய 5.8 மில்லிசெகண்டில் மீளும். இந்தக் காலத்தை வேகத்தாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். ஆயின் சித்திரை மாதத்து வெயிலில் மூடிய தொட்டிக்குள் காற்று 20 டிகிரியிலா இருக்கும்? ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் மிகும். 40 டிகிரியில் 355 மீட்டராகிவிடும். இதை எண்ணாத சில்லு, ஒரு மீட்டர் தூரத்தை ஏறக்குறைய 96½ சென்டிமீட்டர் என்று சொல்லும். தண்ணீர்த் தொட்டிக்கு இப்பிழை பெரிதன்று. ஆயினும் பௌதிக மாணவர் செய்து பார்க்கத்தக்க இனிய கணக்காதலின் இங்குக் கூறினேன்.

பெரிய தொல்லை வேறு இருவகையில் வந்தது. இத்தகைய நீர்புகா உணரி தனக்கு மிக அருகிலுள்ளதை அறியாது. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் நீர் வந்துவிட்டால் பொய்க்கணக்குச் சொல்லத் தொடங்கும். ஆதலின் அதை நிறைமட்டத்தினின்று ஒரு சாண் உயரத்திற்குமேல் நிறுத்தவேண்டும். அன்றியும், குழாயினின்று விழும் நீர் அலையெழுப்பி எதிரொலியைச் சிதறச்செய்யும். இரவில் உணரியின் முகத்தில் வியர்வைபோல் நீர் படியும். ஐந்து முறை அளந்து, அவற்றை வரிசைப்படுத்தி, நடுவிலுள்ளதையே கொள்ளுமாறு நிரல் எழுதியபின் இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. சராசரி எடுத்தல் இங்கு உதவாது. ஒரு பெரும்பொய் நான்கு மெய்களையும் கெடுத்துவிடும்.

கீழே, மோட்டாரின் அருகில், '10 ஆம்பியர்' என்று பொறித்த ரிலே பூட்டிய ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒன்றை வைத்தேன். மோட்டார் ஓடும்போது இழுப்பது ஆறு ஏழு ஆம்பியரே. பத்துக்குள் அடங்குகிறது என்று திருப்தியடைந்தேன். சுவரிலிருந்த பழைய ஸ்விட்சை, பார்வைக்கு அழகாயிருக்கவேண்டி, கழற்றியெடுத்து அவ்விடத்தை மூடிவிட்டேன். மோட்டார் நான்கு மாதம் குற்றமின்றி இயங்கிற்று. கைப்பேசியைத் திறந்தால் தொட்டியின் மட்டமும், மோட்டாரின் நிலையும் தெரியும். உடன்பணியாளர் பலர்க்குக் காட்டிப் பெருமைகொண்டேன் என்பதை மறைப்பானேன்?

ஐந்தாம் மாதத்தில் ஓரிரவு பத்து மணிக்குமேல் அன்னையார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, மோட்டார் இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறதே" என்றார். யான் கைப்பேசியைப் பார்த்தேன். தொட்டி நிறைந்தது என்றும், மோட்டார் நிறுத்தப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. "இல்லை அம்மா, அது நின்று அரைமணி நேரமாயிற்று. அடுத்த வீட்டு மோட்டாராயிருக்கும். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் ஒரு கணம் பேசாதிருந்து, "சரி ஐயா, நீ பார்த்துச் சொன்னால் சரிதான்" என்று கூறிப் படுத்துக்கொண்டார்.

மோட்டார் விடியும்வரை ஓடிற்று. தொட்டி வழிந்து, மாடி நீர் தெருவில் பாய்ந்து, சம்ப் வற்றியபின்னும் அது வெறுமனே சுழன்று, சீல் கருகிப் போயிற்று. காலையில் பால் கொணர்ந்தவர் கண்டு எம். சி. பி.-யைத் தள்ளி நிறுத்தினார். அன்றைக்கு முந்திய நாள்தான் குடிநீர் வந்திருந்தது. அடுத்த முறை வரும்வரை மூன்று நாட்கள் அன்னையார் அயலாரிடம் குடம் குடமாய் இரவல் வாங்கினார். என்னை ஒரு சொல்லும் கூறினாரல்லர்.

நிகழ்ந்தது யாதெனின்: மோட்டார் ஓடும்போது ஆறு ஏழு ஆம்பியர் இழுப்பினும், புறப்படும் கணத்தில் அதனினும் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அன்றியும், மோட்டார் கம்பிச்சுருளாதலின், மின்சாரத்தைத் துண்டிக்கும்போது ரிலேயின் நாக்குகளுக்கிடையே தீப்பொறி பறக்கும். ரிலேயின்மேற் பொறித்த '10 ஆம்பியர்' இஸ்திரிப்பெட்டி போன்ற வெறும் வெப்பச் சாதனங்களுக்கு உரிய கணக்கு, மோட்டாருக்கு உரியதன்று. நாளடைவில் நாக்குகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சில்லு 'நில்' என்று கட்டளையிட்டது, காந்தமும் விட்டது, ஒட்டிய நாக்கு பிரியவில்லை. கைப்பேசியில் யான் கண்டது மோட்டாரின் நிலையன்று. யான் இட்ட கட்டளையின் எதிரொலியே. எக்ஸ்-10-இன் பழைய குறை இதுவேயன்றோ? கட்டளை வேறு, நிலை வேறு என்பதை அறியாமல், காதாற் கேட்ட அன்னையாரின் சாட்சியைத் தள்ளி, கேளாத கருவியின் சொல்லை ஏற்றேன்.

ஆகவே, இரண்டாம் முறை செய்தபோது ஒழுங்கை மாற்றினேன். அதனைச் சற்று விரிவாகக் கூறுவேன்.

ரிலே இப்போது மோட்டாரைத் தொடுவதில்லை. கான்டாக்டர் என்னும் பெருங்கருவியின் காயிலை மட்டுமே தொடும். கான்டாக்டர் வாங்கும்போது அதன்மேல் இரண்டு அளவுகள் பொறித்திருப்பதைக் காணலாம், ஏ. சி.-1 என்பது வெப்பச் சாதனங்களுக்கு, ஏ. சி.-3 என்பது மோட்டார்களுக்கு. இரண்டாவதையே நோக்குக. யான் வாங்கியது 24 வோல்ட் காயில் உடையது. இக்காயிலுக்குச் செல்லும் கம்பியில், தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்சும் சம்ப்பில் ஒரு மிதவை ஸ்விட்சும் தொடராக இணைந்திருக்கின்றன. மேலே நிறைந்தாலும் கீழே வற்றினாலும், சில்லின் அனுமதியை வேண்டாமலே கான்டாக்டர் விட்டுவிடும். க்டெஸிபியஸின் மிதவையை நாடி மீண்டும் சென்றேன் என்க. நீரோடு தொடர்புடைய கம்பிகளில் 24 வோல்ட் மட்டுமே ஓடுவதால், கம்பி நைந்தாலும் அபாயமில்லை. 230 வோல்ட்டை மிதவைக்குள் செலுத்துவோர் பலர் உளர், அங்ஙனம் செய்யற்க.

கழற்றிய சுவர் ஸ்விட்சிற்குப் பதிலாக மூன்று நிலையுடைய திருகு ஸ்விட்ச் ஒன்று வைத்தேன். ஒருபுறம் திருப்பினால் கையால் ஓட்டுவது, நடுவில் நிறுத்தம், மறுபுறம் தானே ஓடுவது. தொழிற்சாலைகளில் இது நெடுங்காலமாய் உள்ள வழக்கமே. கையால் ஓட்டும் நிலையில் சில்லுக்கு வேலையில்லை. மிதவைகளுக்கு மட்டும் வேலையுண்டு. நடு நிலையில் எவர்க்கும் வேலையில்லை. எழுத்தறியாதாரும் அறியுமாறு நடு நிலையில் சிவப்புப் பூசியிருக்கிறேன்.

இனி, கட்டளைக்கும் நிலைக்கும் உள்ள வேற்றுமையைக் கருவி தானே அறியவேண்டுமே! மோட்டாருக்குச் செல்லும் பேஸ் கம்பியைச் சுற்றி, வளையல் போன்ற கரண்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கவ்வவைத்தேன். கம்பியை வெட்டவேண்டுவதில்லை, மின்னோட்டம் எவ்வளவு என்பதை அது தொடாமலே அறியும். 'நில்' என்று கட்டளையிட்ட ஐந்து வினாடிக்குப் பின்னும் மின்னோட்டம் இருக்குமாயின், அன்னையார் அறையிலுள்ள மணி அடிக்கும். மணி கேட்டால் எந்த எம். சி. பி.-யைத் தள்ளவேண்டும் என்பதும் அவர்க்குத் தெரியும். இவ்வளையல் எதிர்பாராத பிறிதொரு நன்மையும் தந்தது. இவ்வகைப் பம்ப் நீரின்றிச் சுழலும்போது, வேலை குறைவாதலின், மின்னோட்டமும் குறையும். வழக்கமான அளவினின்று அது தாழ்ந்தவுடன், நீரில்லை என்று உணர்ந்து நிறுத்திவிடலாம்.

அன்றியும், தொட்டி நிறைய 35 நிமிஷம் ஆகுமென்று அளந்தறிந்து, 45 நிமிஷத்திற்குமேல் எக்காரணம்பற்றியும் ஓடலாகாது என்று விதித்தேன். மின்வெட்டு நீங்கி மின்சாரம் மீளும்போது, முன் ஓடிக்கொண்டிருந்தாலும் மோட்டார் நின்ற நிலையிலேயே எழவேண்டும் என்றும் அமைத்தேன். கடையில் வாங்கும் ஸ்விட்சுகளிலும் இவ்விதி பெரும்பாலும் உண்டு, வாங்கியவர் பார்ப்பதில்லை.

மாடியிலுள்ள உணரியும் கீழுள்ள மோட்டாரும் தம்முள் பேசிக்கொள்வது எம். க்யூ. டி. டி. என்னும் முறையால். 1999-ஆம் ஆண்டில் பாலைநிலங்களினூடே செல்லும் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும்பொருட்டு ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் வகுத்தது இது. நம் கல்லூரி அறிவிப்புப் பலகையை ஒப்பது. ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை ஒரு தலைப்பின்கீழ் ஒட்டிச்செல்லும். வேண்டுங் கருவி வேண்டுந் தலைப்பை மட்டும் படித்துக்கொள்ளும். இதில் என் மனத்தைக் கவர்ந்தது 'உயில்' என்னும் ஏற்பாடு. ஒரு கருவி பலகைக்காரரிடம் வந்துசேரும்போதே, "யான் சொல்லாமல் மறைந்துபோனால் இச்செய்தியை வெளியிடுக" என்று எழுதிக்கொடுத்துவிடலாம். மாடி உணரி இறந்துபடின் அதன் உயில் வெளிப்படும். அதைப் படித்த மோட்டார் நின்றுவிடும். முதல் அமைப்பில் மாடியிலிருந்து செய்தி வாராவிடின், நிறையவில்லை என்றே பொருள்கொண்டிருந்தேன். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் கருவிகளிடத்துப் பெரும்பிழை.

இது நிற்க. மோட்டாரைப் பொறுத்தவரை, ஐயம் வந்தால் நிறுத்துதலே நலம். ஆனால் எல்லாக் கருவிக்கும் இவ்விதி பொருந்துமோ? பொருந்தாது என்பதை அன்னையாரின் இரவு விளக்கால் அறிந்தேன்.

படுக்கையறையினின்று குளியலறைக்குச் செல்லும் நடையில், ஆள் நடமாட்டங் கண்டு எரியும் விளக்கொன்றை அமைத்தேன். அதன் உணரி, மனித உடலினின்று வீசும் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிரை அறிவது. அதனுள் இரண்டு பாதிகள் உண்டு. இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் பட்டால் வாளாவிருக்கும். ஆள் குறுக்கே நடக்க, ஒன்றில் மிக்கும் ஒன்றில் குறைந்தும் பட்டால் விழித்துக்கொள்ளும். ஆகவே, நேராக அதனை நோக்கி நடந்து வருவோரினும், குறுக்கே செல்வோரை அது எளிதில் அறியும். இதற்கேற்ப அதைச் சுவரில் நிறுத்தவேண்டும். மார்கழியில் இது மிக நன்றாக இயங்கிற்று. வைகாசியில் சோதனை வந்தது. சுவரும் 34 டிகிரி, மனிதத் தோலும் ஏறக்குறைய அவ்வளவே. வேற்றுமையே இல்லாதபோது உணரி எதனைக் கண்டறியும்? குளிர்தேசத்து நூல்களைப் படித்துச் செய்வார்க்கு இவ்விடர் முன்னரே தெரியவராது.

நுண்ணலை ராடார் உணரி இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 24 கிகாஹெர்ட்ஸ் அலைகொண்டு இயங்கும் அது, அசையாதிருப்பவரின் மூச்சால் மார்பு ஏறித் தாழ்வதையும் அறியும்; வெயிலும் குளிரும் அதற்கு ஒன்றே. ஆயின் மின்விசிறியையும் காற்றில் ஆடும் திரையையும் ஆளென்று எண்ணும்; பலகைத் தடுப்பை ஊடுருவி அடுத்த அறையிலிருப்பவரையும் காணும். இரண்டையும் சேர்த்து, இரண்டில் ஒன்று கண்டாலும் விளக்கு எரியுமாறு செய்தேன். இங்கேதான் விதி தலைகீழாகிறது. மோட்டார்க்கு இரண்டு சாட்சியும் ஒத்தாலன்றி ஓட்டம் இல்லை. விளக்கிற்கு ஒரு சாட்சி போதும். உணரிகள் இரண்டும் செய்தியற்றுப்போனால் விளக்கு அணையாமல் விடியும்வரை எரியும். வீணே எரிவதால் வரும் செலவு காசளவு. முதியவர் இருளில் இடறி விழுவதால் வருவதை எவ்வாறு அளப்பது? ஒவ்வொரு கருவியையும் அமைக்குமுன், இது பழுதுற்றால் எந்நிலையில் பழுதுறுவது நலம் என்னும் வினாவை எழுப்பி விடைகண்ட பின்னரே கம்பியைத் தொடுவது என்று இப்போது வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

விளக்கு ஸ்விட்சுகளைப் பற்றி ஒரு செய்தி. ஸ்மார்ட் ஸ்விட்ச் தான் உயிரோடிருக்கத் தனக்கும் மின்சாரம் வேண்டும். அதற்கு நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய வீடுகளில் விளக்கு ஸ்விட்ச் மட்டும் உள்ள பெட்டிக்குப் பேஸ் கம்பியே வந்துபோகும். நியூட்ரல் நேரே விளக்கிற்குச் சென்றுவிடும். நியூட்ரல் வேண்டாத ஸ்விட்சுகளும் உண்டு. அவை விளக்கினூடே சிறிது மின்னோட்டத்தைக் கசியவிட்டே வாழ்வன. எல். இ. டி. விளக்கு அக்கசிவினால், அணைத்த பின்னும் மின்மினிபோல் மினுங்கும். ஆதலின் வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பிக்க. நியூட்ரல் இல்லையென்று எர்த் கம்பியை அதற்குப் பதிலாக இணைப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். 230 வோல்ட் சார்ந்த வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியனைக்கொண்டே செய்விக்கவேண்டும். வீட்டில் 30 மில்லி-ஆம்பியர் ஆர். சி. சி. பி. இல்லையாயின், வேறெதையும் வாங்குமுன் அதனையே வாங்கவேண்டும். சில்லும் நிரலும் மாணவர்க்குரியவை. அங்கு எத்தனை பிழை செய்தாலும் 3.3 வோல்ட் யாரையும் கொல்லாது.

சுவரிலுள்ள பழைய ஸ்விட்சை நீக்காமல், அதன் பின்னே பெட்டிக்குள் வைக்கத்தக்க சிறு ரிலேக்கள் கிடைக்கின்றன. கை ஸ்விட்சின் இரு முனைகளையும் அதனோடு இணைத்துவிட்டால், சுவரிலும் இயக்கலாம், கைப்பேசியிலும் இயக்கலாம். மாடிப்படியின் இருவழி ஸ்விட்ச் போல எது கடைசியாய்ச் சொன்னதோ அதுவே செல்லும். விருந்தினராய் வந்த ஒருவர், எவரையும் வினவாமல் விளக்கைப் போட்டுக்கொள்ள இயலாத வீடு என்ன வீடு?

மற்றொன்று, இவ்வமைப்பின் மூளை எங்கே இருக்கவேண்டும் என்பது. கடையில் வாங்கும் பல ஸ்விட்சுகள், கூப்பிடு தூரத்திலுள்ள விளக்கை ஏற்றக் கடல்கடந்த தேசத்திலுள்ள கம்பெனியின் கணிப்பொறியைக் கேட்டு வருவன. அக்கம்பெனி கடையை மூடினால்? 'ரிவால்வ்' என்னும் வீட்டு இயக்கக் கருவியை ஏறக்குறைய 300 டாலர் கொடுத்து வாங்கியோர், அதனைக் கைக்கொண்ட நெஸ்ட் கம்பெனியார் 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியபோது, பழுதில்லாத பெட்டியைப் பயனில்லாத பெட்டியாகக் கண்டனர். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' கம்பெனியின் கணிப்பொறிகள் முன்னறிவிப்பின்றி மௌனமாயின. அதனைப் பயன்படுத்திவந்தோருள் சிலர் சேர்ந்து ஜூன் மாதத்தில் அக்கம்பெனியின் உடைமையை விலைக்கு வாங்கி மீண்டும் எழுப்பினர். எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை.

இதற்கு மாற்று, வீட்டிலேயே ஒரு சிறு கணிப்பொறியை வைத்துக்கொள்வது. பவுலஸ் ஸ்கௌட்ஸன் என்பவர் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டென்ட்' என்னும் நிரல் யாவர்க்கும் இலவசமாய்க் கிடைப்பது. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவுள்ள பொறியிலும் இயங்கும். நெதர்லாந்து தேசத்துத் தியோ ஆரண்ட்ஸ் என்பவர் எழுதிய 'டாஸ்மோட்டா' என்னும் நிரலை ஈ. எஸ். பி. சில்லுள்ள ஸ்விட்சுகளில் ஏற்றினால், அவை கம்பெனியை மறந்து வீட்டுப் பலகையோடு பேசத் தொடங்கும். ஏற்றும்போது ஸ்விட்சை 230 வோல்ட்டினின்று முற்றும் பிரித்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எங்கள் வீட்டில் இணையம் அறுந்த நாட்களிலும் மோட்டாரும் விளக்கும் தம் கடமையைச் செய்கின்றன. யான்தான் தொலைவிலிருந்து பார்க்க இயலாது. அதனால் ஒன்றும் குறையில்லை.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல், விற்றவர் வைத்த சொல்லை மாற்றாமலே விட்ட காமிராக்களிலும் ரௌட்டர்களிலும் இலட்சக்கணக்கில் புகுந்து, அவற்றை ஏவி அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் பெரிய இணையத்தலங்கள் பலவற்றை முடக்கிற்று. அந்நிரலை முதலில் எழுதியதாக மறு ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட மூவரும் இருபது இருபத்தொரு வயதினர்; அக்டோபர்த் தாக்குதலோ, அவர்கள் நிரலை வெளியிட்ட பின்னர் நிகழ்ந்தது. இருபது வயது மாணவர் இரண்டையும் கவனித்தல் நன்று: பூட்டாத வீடு எளிதில் திறக்கும் என்பதையும், திறந்தவர்க்கு வந்ததையும்.

புதிய அமைப்பு நிறுவி இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் கழிந்தன. மணி இருமுறை அடித்தது. ஒருமுறை, வளையலின் கவ்வு தளர்ந்து பொய்யாக. மற்றொருமுறை மெய்யாகவே கான்டாக்டருக்குள் பல்லி சிக்கி இறந்து தகட்டைத் தடுத்திருந்தது. அன்னையார் எழுந்து எம். சி. பி.-யைத் தள்ளிவிட்டு, விடிந்தபின் என்னை அழைத்துச் சொன்னார். கான்டாக்டரை இப்போது மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மாலை வேளைகளில் மோட்டார் தானே நின்ற பின்னும் அவர் வாசற்படி வரை வந்து, சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டே உள்ளே செல்கின்றார். வேண்டாம் என்று யான் கூறுவதில்லை.

இவ்வமைப்பின் கம்பிப் படமும், சில்லில் ஏற்றிய நிரலும், ஒட்டிப்போன பழைய ரிலேயும் பௌதிக ஆய்வுகூடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டுவோர் படத்தைப் பிரதி செய்துகொள்ளலாம். ரிலேயைப் பிரித்துப் பார்க்க விரும்புவோர் அதனை மீண்டும் அவ்விடத்திலேயே வைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.